ஒன்பது நேர்கோடுகள்

மருந்துக் கிடங்கின் பின்பக்கம், லாரிகள் திரும்புவதற்காக விட்டிருந்த சிமெண்ட் வெளியின் கடைக்கோடியில் ஒரு பழைய கன்டெய்னர் நின்றது. அதற்குள் முப்பத்தாறு பேட்டரிப் பெட்டிகள், ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு சின்ன மின்விசிறி, அப்புறம் அவள்.

பெட்டிகள் எல்லாம் ஒரு காலத்தில் மின்சாரக் கார்களை இழுத்துக்கொண்டு ஓடியவை. காரை ஓட்ட இனித் தெம்பில்லை என்று கழற்றிப் போட்டபின், நின்ற இடத்திலேயே நின்று வேலை செய்ய இது போதுமே என்று யாரோ யோசித்து இங்கே கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். கரண்ட் போனால் கிடங்கின் குளிர் அறையை நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். அதுதான் அவற்றுக்கு இட்ட வேலை. அந்த வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பது அவளுக்கு இட்ட வேலை.

பங்கு போடுவது என்றால் ஏதோ கணக்கைக் கூட்டி வகுத்தால் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. புதுப் பெட்டிகள் என்றால் எல்லாம் ஒரே அச்சு. இவையோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு வண்டியில், ஒவ்வொரு ஆளிடம் அடிபட்டு வந்தவை. ஒன்று எண்பது தாங்கும், இன்னொன்று அறுபதிலேயே நாக்குத் தள்ளும். எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக ஓடவிட்டால் சோனிப் பெட்டிதான் முதலில் விழும். அது விழுந்தால் மொத்தமும் நிற்கும். அதனால் அவள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண். திரையில் அதன் பெயர் 'ஹெல்த்', அவள் வாயில் அது 'தெம்பு'. தெம்பு கூடிய பெட்டிக்குக் கூடுதல் பங்கு, குறைந்ததற்குக் குறைந்த பங்கு. ஏழாம் எண் பெட்டிதான் இருப்பதிலேயே கெட்டி. அதற்கு எப்போதும் பெரிய பங்கு. ஒன்பது பெட்டிகள் நோஞ்சான்கள். அவற்றை அவள் பூப்போலப் பார்த்துக்கொண்டாள்.

எட்டு மாதமாக இதுதான் பிழைப்பு. காலையில் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அக்கா "என்ன டாக்டர், பேஷன்ட்டுங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில். மத்தியானம் கேன்டீனில் "ஒரு டீ" என்று இரண்டு வார்த்தை. அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும், நாள் முழுக்கப் புழங்காத குழாய் மாதிரி.

திங்கட்கிழமை காலை கிடங்கு மேனேஜர் நேராகக் கன்டெய்னருக்கே வந்துவிட்டார். அவர் வந்து அவள் பார்த்ததே இல்லை.

"என்ன மேடம் இது, மூணு மணி நாப்பத்தாறு நிமிஷம்னு காட்டுது?"

"போன வாரம் நாப்பத்தெட்டு சார்."

"அதைத்தான் கேக்கறேன். வாரா வாரம் ரெண்டு நிமிஷம் களவு போகுது. யாரு எடுத்துட்டுப் போறா?"

"பெட்டிங்களுக்கு வயசாகுது சார்."

"வயசு எனக்கும்தான் ஆகுது. நான் எட்டு மணி நேரம் நிக்கலையா?" அவரே சிரித்துவிட்டு, சிரிப்பை அவரே அடக்கிக்கொண்டார். "உள்ள இருக்கறது குழந்தைங்களுக்குப் போடற தடுப்பூசி. நாலு மணி நேரம்னு கையெழுத்துப் போட்டிருக்கு. அது இல்லன்னா நான் ராத்திரி தூங்க முடியாது. புதுப் பெட்டிக்குச் சொல்லியாச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் லாரி வரும், இதெல்லாம் நொறுக்கப் போயிடும்."

"புதுசை யாரு பாத்துக்குவாங்க?"

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். "அதுக்கு இங்க ஆள் வேண்டாமாம் மேடம். எங்கேயோ உக்காந்து அவங்களே பாத்துக்குவாங்களாம்."

அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் அண்ணனுக்குப் போன் போட்டாள். தையல் கடைக்கு மேலே அவள் அறை. கீழே மெஷின் ஓடும்வரை யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றும். ஷட்டரை இறக்கிவிட்டால் தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடச் சுவரில் பட்டுத் திரும்பும்.

"அண்ணா, வேலை போயிடும் போல இருக்கு."

"போனா போகட்டும் பாப்பா." முப்பத்திரண்டு வயதிலும் அவள் பாப்பாதான். "இங்க வந்துடு. பின்னாடி ரூமுக்குப் புது ஃபேன் போட்டுட்டேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். சாப்பிடு, தூங்கு, சும்மா இரு."

"அம்மாகிட்ட குடு."

"படுத்துட்டாங்க. இப்பதான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன்."

"என்ன சொட்டு மருந்து?"

"அது... கண்ணு ஆபரேஷன் ஆச்சு. சின்னதுதான் பாப்பா. போன வியாழக்கிழமை."

"எனக்கு ஏண்ணா சொல்லல?"

"உன்னை எதுக்கு அலைய விடணும்? காலையில ஆஸ்பத்திரி, மத்தியானம் என் ஷிஃப்ட், சமாளிச்சாச்சு. உனக்கே ஆயிரம் கஷ்டம்."

அவளுக்கு ஆயிரம் கஷ்டமெல்லாம் கிடையாது. இரண்டு வருடம் முன்பு அவள் கல்யாணம் முறிந்தது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஏந்தினார்கள். விசேஷ வீட்டில் எல்லோரும் ஓடியாடும்போது அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலி வரும். அண்ணி காய் நறுக்கும்போது அவள் கத்தியை எடுத்தால், "நீ போய் உக்காரும்மா" என்று பிடுங்கிக்கொள்வாள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, ஒரு வேலையும் சொன்னதில்லை. அந்தப் பின்னறையில் ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டுத்தான் இந்த ஊருக்கு ஓடிவந்தாள். இங்கே முப்பத்தாறு பெட்டிகளாவது அவளைத் தேடின. வியாழக்கிழமை லாரி வந்தால் அதுவும் போகும். புது ஃபேனுக்கு அடியில் போய்ச் சும்மா இருக்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, போகிற பெட்டிகளின் வரலாற்றையாவது ஒழுங்காக எடுத்து வைப்போம் என்று ஒவ்வொன்றின் வரைபடத்தையும் திறந்தாள். முப்பத்துநான்கு வாரத் தெம்பு, கோடு கோடாக. முதல் பெட்டியின் கோடு நடுங்கி நடுங்கி இறங்கியது. வெயிலில் கொஞ்சம் ஏறி, குளிரில் கொஞ்சம் சரிந்து, ஒரு வாரம் காரணமே இல்லாமல் துள்ளி. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. நான்காவதைத் திறந்ததும் கை நின்றது.

நேர்கோடு. ஸ்கேலை வைத்து இழுத்த மாதிரி.

ஒன்பதாவது, நேர்கோடு. பதினான்காவது, நேர்கோடு. மொத்தம் ஒன்பது. ஒன்பதும் அந்த நோஞ்சான்கள்.

உண்மையில் தேய்கிற எதுவும் இப்படி வகிடெடுத்துத் தேயாது. அவள் எழுந்துபோய் நான்காம் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. ஏழாம் பெட்டியைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுப்பு. திரும்பிவந்து புரோகிராமைத் திறந்து, வரி வரியாகக் கீழே இறங்கி, ஒரு வரியில் வந்து நின்றாள்.

எட்டு மாதத்துக்கு முன் அவளே எழுதிய வரி. ஒரு பெட்டியின் தெம்பை அளக்க, அது முழுசாக நிரம்பி முழுசாகக் காலியாக வேண்டும். அப்படி ஒரு வாரம் அளக்க முடியாமல் போனால், கெட்டிருக்குமோ என்னவோ, எதற்கும் இருக்கட்டும் என்று அரைப் புள்ளி குறைத்துக்கொள். அவ்வளவுதான் அந்த வரி. எழுதும்போது அவளுக்குத் தன் ஜாக்கிரதையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்த ஒம்பது பெட்டியும் கெட்டுப்போகல. கெட்டுப்போச்சுன்னு எழுதினது நான்."

"மெதுவாச் சொல்லுங்க."

"தெம்பு கம்மியா இருக்கறதுக்குப் புரோகிராம் வேலை குடுக்காது சார். வேலை குடுக்காட்டி அது காலியாகாது. காலியாகாட்டி அளக்க முடியாது. அளக்காட்டி அரைப் புள்ளி குறையும். குறைஞ்சா இன்னும் கம்மியா வேலை குடுக்கும். எட்டு மாசமா ஒரு பெட்டியையும் கேக்காமலே குறைச்சுட்டு வந்திருக்கேன்."

மேனேஜர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "அதாவது, ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவனுக்கு வாரா வாரம் சீரியஸ்னு எழுதிட்டு இருந்திருக்கீங்க."

"ஆமா சார்."

"அப்ப உங்க நம்பர் பொய்."

"பொய் இல்ல சார். பயம்."

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். "சரி. வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மெயின் ஸ்விட்ச்சை நானே இறக்குவேன். ஆறு வரைக்கும் உங்க பெட்டிங்க தனியா நிக்கட்டும். ஜெனரேட்டர் ரெடியா இருக்கும். குளிர் அறையில ஒரு டிகிரி ஏறிச்சுன்னா அது ஓடும், லாரி உள்ள வரும். நின்னுடுச்சுன்னா லாரி திரும்பிப் போகும். இதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

கையில் இரண்டு நாள். ஒரு பெட்டியை நிரப்பி, காலியாக்கி, மறுபடி நிரப்ப ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆள் பக்கத்தில் இல்லாமல் காலியாக்கக் கூடாது என்பது விதி, ஆறு மணிக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பெட்டிகளுக்கு மேல் எடுத்துவிட்டால், நடுவில் கரண்ட் போனால் குளிர் அறை தாங்காது. விழுந்து விழுந்து செய்தாலும் ஒன்பதில் ஐந்தைத்தான் அளக்கலாம்.

செவ்வாய் மத்தியானம் நான்காம் பெட்டியையும் ஒன்பதாம் பெட்டியையும் எழுப்பினாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவற்றிடம் முழு வேலை கேட்டாள். பயந்துகொண்டே, சூடு காட்டும் எண்ணில் கண்ணை ஆணியடித்த மாதிரி வைத்துக்கொண்டு. காகிதத்தில் நான்காம் எண்ணுக்கு ஐம்பத்துமூன்று. அளந்தால் அறுபத்தொன்பது. ஒன்பதாம் எண்ணுக்கு ஐம்பத்தேழு. அளந்தால் எழுபத்துமூன்று!

"அக்கா, எழுபத்துமூணு!" வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டில் நின்று கத்தினாள்.

செக்யூரிட்டி அக்கா பயந்துபோய் எழுந்தாள். "யாருக்கு, பி.பி.யா?"

"ஒம்பதாம் நம்பருக்கு!"

"பொறந்த குழந்தைக்குக்கூட இப்படிக் குதிக்க மாட்டாங்க. போம்மா, போய்ச் சாப்பிடு." சொல்லிவிட்டு அக்கா தன் பையை மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பஸ் வந்துவிட்டது.

புதன்கிழமை மூன்று பெட்டிகள். பதினான்குக்கு எழுபத்தொன்று. முப்பதுக்கு அறுபத்தாறு. இருபத்திரண்டு மட்டும் கால்வாசியிலேயே சூடேறி, மூச்சுத் திணறி, முப்பத்தெட்டில் படுத்துவிட்டது. அது நிஜமாகவே நோஞ்சான். அதன் இணைப்பைக் கழற்றி, மேலே சிவப்பு டேப் ஒட்டினாள். இனி எஞ்சியிருப்பவை அளக்காத நான்கு பெட்டிகள். கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் சொற்ப நிமிடம் மிஞ்சியது. அதுவும் அந்த நான்கும் கைகொடுத்தால்.

வியாழக்கிழமை சரியாக இரண்டு மணிக்கு மேனேஜர் ஸ்விட்ச்சை இறக்கினார். கிடங்கு முழுக்க விளக்குகள் ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு எரிந்தன. குளிர் அறைக் கதவை யாரும் திறக்கக் கூடாது என்று அட்டை மாட்டிவிட்டு அவர் போய்விட்டார். அவள் கன்டெய்னருக்குள் தனியாக, திரைக்கு முன்னால்.

முதல் இரண்டு மணி நேரம் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி ஓடியது. நான்கரைக்கு நெஞ்சு கொஞ்சம் தளர்ந்து, காலையில் வாங்கிவந்த பன்னை எடுத்துக் கடித்தாள். ஐந்து பதின்மூன்றுக்கு ஏழாம் எண் சரிந்தது.

எச்சரிக்கை ஒன்றும் இல்லை. அதுவரை அதன் எண் நல்லபடியாகத்தான் இருந்தது. இருப்பதிலேயே கெட்டி என்று பெரிய பங்கை அதன் தலையில் கட்டியிருந்தாள். இன்னும் முக்கால் மணி நேரமாவது தாங்க வேண்டியது, மாடிப்படியில் கால் தவறியதுபோல விறுவிறுவென்று இறங்கியது. புரோகிராம் அதன் பங்கைப் பிடுங்கி மற்ற கெட்டிக்காரர்கள் தலையில் போட்டது. உடனே பதினொன்றும் பத்தொன்பதும் தள்ளாட ஆரம்பித்தன. அளக்காத நான்கும் ஓர் ஓரத்தில், காகிதத்து எண்படி ஆளுக்குக் கொஞ்சூண்டு சுமந்துகொண்டு, ஜில்லென்று நின்றன.

இன்டர்காம் அலறியது. மேனேஜர். "மேடம், உள்ள அரை டிகிரி ஏறியிருக்கு. ஜெனரேட்டரைப் போடச் சொல்லவா?"

"ரெண்டு நிமிஷம் சார்."

"ரெண்டு நிமிஷம்தான்."

அவள் புரோகிராமை நிறுத்தினாள். கையாலேயே பங்கு போட உட்கார்ந்தாள். அந்த நான்கும் எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டைப் போல ஒன்று இருந்தால், முழுச் சுமையில் அது விழும், கூடவே எல்லாம் விழும். இல்லையென்றால் தப்பித்தார்கள். கேட்டால்தான் தெரியும். நான்குக்கும் சரிபாதியாக அல்ல, முழுப் பங்காகவே எழுதினாள். அழுத்திவிட்டாள்.

ஜில்லென்று கிடந்த நான்கும் முனகின. கன்டெய்னரின் தகரம் வரை அந்த முனகல் ஏறியது. சூடு முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு. அங்கேயே நின்றது. பதினொன்று நிமிர்ந்தது. பத்தொன்பது நிமிர்ந்தது.

இன்டர்காமில் மேனேஜரின் மூச்சு கேட்டது. "இறங்குது மேடம். கால் டிகிரி."

ஆறு மணிக்கு அவர் ஸ்விட்ச்சை ஏற்றினார். பெட்டிகளில் இன்னும் பதினொரு நிமிடம் மீதி இருந்தது.

லாரி ஆறு இருபதுக்கு வந்து சேர்ந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "முப்பத்தாறுன்னாங்களே?"

"ரெண்டுதான் அண்ணே. இருபத்திரெண்டும் ஏழும்."

"ரெண்டுக்கு இந்த லாரியா? மடியில வச்சே கொண்டு போயிருப்பேனே." முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் தூக்கி ஏற்றினார். இருபத்திரண்டு போனதில் அவளுக்கு ஒன்றுமில்லை. ஏழாம் எண் போகிற பக்கம் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. கையெழுத்துப் போடுமுன் அதன் வரலாற்றைத் திறந்து பார்த்தாள். முப்பத்துநான்கு வாரம், ஒரு நாள் விடாமல். ஒன்பது பெட்டிகளிடம் கேட்காத வேலை எங்கேயாவது போயிருக்க வேண்டுமே. எங்கே போகிறது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. 'நல்ல பெட்டி' என்று எழுதியதோடு சரி.

லாரி போனது. மேனேஜரிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: "புதுசை நிறுத்தச் சொல்லிட்டேன். திங்கள் ரிப்போர்ட் குடுங்க." கேட்டில் சாயங்கால ஷிஃப்ட்காரர் போனுக்குள் தலையை விட்டிருந்தார். சிமெண்ட் வெளியில் யாருமில்லை. சொல்லிச் சந்தோஷப்பட ஒரு முகம் கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தாள். கன்டெய்னர் படியில் உட்கார்ந்து அண்ணன் எண்ணை அழுத்தினாள்.

"என்ன பாப்பா, வேலை என்னாச்சு?"

"இருக்குண்ணா."

"அப்பாடா. சரி, களைச்சிருப்ப, நீ போய் ரெஸ்ட்..."

"அண்ணா, நீ டாக்டர்கிட்ட கடைசியா எப்ப போன?"

"நேத்துகூடப் போனேனே, அம்மாவுக்கு."

"உனக்கு."

"எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம், டி.வி. சத்தம். "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றான். "நீ சொல்லுண்ணா," என்றாள்.

"மாடி ஏறினா லேசா மூச்சு வாங்குது," என்றான் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "உங்க அண்ணிக்குத் தெரியாது. நீயும் உளறிடாத."

"நாளைக்கு சாயங்காலம் பஸ் ஏறறேன். சனிக்கிழமை அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். நீ உனக்குப் போய்க் காட்டு."

"ஐயோ, உனக்கு எதுக்குடா அலைச்சல், நானே..."

"அண்ணா."

வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"எட்டு மணிக்கு டோக்கன் குடுப்பாங்க," என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "ஏழரைக்கே போயிடணும், இல்லன்னா மத்தியானம் ஆயிடும். பழைய சீட்டு அலமாரியில மேல்தட்டுல இருக்கு. கறுப்புக் கண்ணாடி போட மாட்டேன்னு அம்மா அடம் பிடிப்பாங்க, திட்டுவாங்க, விடாத. அப்புறம் அந்தச் சொட்டு மருந்து ரெண்டு விதம், அதுல நீல மூடி இருக்கே, அது..."

"ஒரு நிமிஷம்ணா," என்றாள். குரல் கரகரத்தது. "பேனா எடுத்துக்கறேன்."